ஆமைக் குழியா, பறவைக் கணக்கா, அறுந்த வலையா: எங்கள் கரை எதை முதலில் எடுப்பது?

இலங்கையின் கிழக்கில், கோமாரிக்கும் திருக்கோவிலுக்கும் இடையில் உள்ள எங்கள் கரையில் போன மாதம் மீனவர் சங்கக் கூட்டம் நடந்தது. வழக்கமாக மண்ணெண்ணெய் விலை, கரைவலையை யார் எப்போது விடுவது என்ற முறை, கடன் தவணை என்று போய் முடியும் கூட்டம் இந்த முறை வேறொரு விஷயத்தில் நின்றுவிட்டது. சங்கச் சேமிப்பில் ஒரு தொகையை ஒதுக்கி, ஒரு வருடம் கடலுக்காக ஏதாவது செய்வது என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. என்ன செய்வது என்பதில்தான் ஒத்துப்போக முடியவில்லை.

இளைஞர்கள் ஆமை முட்டை பொரிக்கும் இடம் ஒன்று வேண்டும் என்றார்கள். பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் பறவைக் கணக்கெடுப்பு என்றார். பொத்துவிலிலிருந்து வந்திருந்த காக்கா ஒருவர் (எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்), "முதல்ல கடல்ல அலையிற அறுந்த வலைய எடுங்க, மறுகா மத்ததப் பாப்பம்" என்றார். பின்வரிசையில் இருந்த பெரியவர், "இதெல்லாம் நாலு நாட்டு அரசாங்கம் கூடிச் செய்யிற வேல, நமக்கென்னத்துக்கு?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தார். கணக்கு எழுதுகிறவள் நான்தான் என்பதால் நாலையும் ஒப்பிட்டு அடுத்த கூட்டத்துக்கு எழுதிக்கொண்டு வரும் வேலையும் எனக்கே வந்தது. எழுதியதைத்தான் இங்கே போடுகிறேன். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பாணமையிலும் இதே யோசனையில் இருக்கிற சங்கங்களுக்கும் உதவும்.

பெரியவர் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

2020 செப்டம்பர் 3ஆம் திகதி எங்கள் சங்கமன்கண்டி முனைக்கு நேரே, கரையிலிருந்து ஏறக்குறைய 38 கடல் மைல் தொலைவில், நியூ டயமண்ட் என்ற எண்ணெய்க் கப்பல் தீப்பிடித்தது. குவைத்திலிருந்து இந்தியாவின் ஒடிசாவில் உள்ள பரதீப் துறைமுகத்துக்கு ஏறக்குறைய 2,70,000 தொன் மசகு எண்ணெய் (கச்சா எண்ணெய்) கொண்டுபோன கப்பல் அது. பிலிப்பைன்ஸ் நாட்டு மாலுமி ஒருவர் இறந்துபோனார். இலங்கைக் கடற்படையும் இந்தியக் கரையோரக் காவல் படையும் சேர்ந்து தீயை அணைத்தன. அணைந்த தீ திரும்பப் பிடித்தது, திரும்பவும் அணைத்தார்கள். எண்ணெய்த் தாங்கிகள் உடையவில்லை. உடைந்திருந்தால் திருக்கோவில் கரையும் பொத்துவில் களப்பும் குமணப் பறவைக் காடும் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு அடைக்கிறது. அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் கடலுக்குப் போகாமல் கரையில் நின்று கிழக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அப்படி ஒரு வேலையை எந்த ஊர்ச் சங்கமும் செய்ய முடியாது. இரண்டு நாடுகள் ஒரே நாளில் ஒன்றையொன்று கூப்பிட முடிந்ததால்தான் அது நடந்தது.

ஆகவே அரசாங்கங்கள் சேர வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதற்கான ஏற்பாடுகளும் இல்லாமல் இல்லை. தெற்காசியச் சுற்றாடல் கூட்டுறவு நிகழ்ச்சித் திட்டம் 1982இலிருந்து இருக்கிறது, அதன் தலைமைச் செயலகம் கொழும்பிலேயே இருக்கிறது. இடம்பெயரும் உயிரினங்களுக்கான உடன்படிக்கையில் இந்தியா 1983இலும் இலங்கை 1990இலும் சேர்ந்தன. வங்காள விரிகுடாவின் மீன்வளத்தையும் சூழலையும் ஒன்றாகப் பார்ப்பதற்கு இலங்கை, இந்தியா, மாலைதீவு, பங்களாதேஷ், மியன்மார், தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா என்று எட்டு நாடுகள் சேர்ந்த திட்டம் ஒன்று 2009இல் தொடங்கியது. காகிதம் இருக்கிறது. ஆனால் அது கரைக்கு வந்து சேரும் வேகம்தான் பயமாக இருக்கிறது. தெற்காசியக் கூட்டமைப்பான சார்க் நாடுகளின் தலைவர்கள் கடைசியாக உச்சிமாநாட்டில் உட்கார்ந்தது 2014இல், காத்மண்டுவில். அதை நம்பி நாம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் எங்கள் பிள்ளைகள் பார்க்க ஆமை இருக்காது. நாலாவது யோசனையை, அதாவது காத்திருப்பதை, நான் இங்கேயே விட்டுவிடுகிறேன்.

எல்லை தாண்டிய ஒத்துழைப்பு என்றதும் கூட்டத்தில் எழுந்த இன்னொரு முணுமுணுப்பையும் மறைக்கக் கூடாது. வடக்கில் பாக்கு நீரிணையில் இந்திய இழுவைப் படகுகள் கடலடியை வாரிக்கொண்டு போகும்போது, அவர்களோடு என்ன ஒத்துழைப்பு என்று ஒருவர் கேட்டார். கேட்டவரின் மச்சான் குடும்பம் முல்லைத்தீவில் இருக்கிறது, வலை இழந்த குடும்பம். 1974இலும் 1976இலும் கடல் எல்லை ஒப்பந்தம் எழுதினார்கள், 2017இல் இலங்கை இழுவைமடி முறையையே சட்டத்தால் தடை செய்தது, இருந்தும் அந்தப் புண் ஆறவில்லை. அதை ஒதுக்கிவிட்டுப் பேச நான் விரும்பவில்லை. ஆனால் 2014 ஜனவரியில் சென்னையில் இரு நாட்டு மீனவப் பிரதிநிதிகளும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். பிரச்சினை தீரவில்லை, பேச முடியும் என்பது தெரிந்தது. இழுவைமடி அங்கே உள்ள சிறு மீனவரையும்தான் அழிக்கிறது. எங்கள் கூட்டாளி அந்தப் பக்கத்துச் சிறு வலைக்காரர்தான், இழுவைப் படகு முதலாளி அல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி மூன்றையும் அமைதியாகப் பார்க்கலாம்.

ஆமையைத்தான் எல்லாரும் விரும்பினார்கள். எனக்கும் ஆசைதான். இலங்கைக் கரையில் ஐந்து வகைக் கடலாமைகள் முட்டையிடுகின்றன. பேராமை, அழுங்காமை, தோணியாமை, பெருந்தலை ஆமை, அப்புறம் தமிழ்நாட்டில் பங்குனி ஆமை என்று சொல்லும் ஒலிவ் ரிட்லி. இந்தக் கடைசி ஆமையின் ஊர் எது என்று கேட்டால் ஒரு நாட்டைச் சொல்ல முடியாது. ஒடிசாவின் கஹிர்மாதாவிலும் ரிசிகுல்யாவிலும் அவை இலட்சக்கணக்கில் ஒரே நேரத்தில் கரையேறுகின்றன. 2025இல் ரிசிகுல்யாவில் மட்டும் ஏறக்குறைய 7 இலட்சம் ஏறின. 2021 மார்ச்சில் ஒடிசாவில் துடுப்பில் தகடு பூட்டிவிட்ட ஓர் ஆமை, 2025 ஜனவரியில் இந்தியாவின் மேற்குக் கரையில், மகாராட்டிர மாநிலத்துக் குஹாகரில் முட்டையிட்டது. ஏறக்குறைய 3,500 கிலோமீற்றர். அது எங்கள் கிழக்குக் கடலைச் சுற்றியோ பாக்கு நீரிணையைக் கடந்தோதான் போயிருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் வலை விட்டிருக்கும் நீரைக் கடந்து போயிருக்கக்கூடிய ஒரு சீவன் என்று நினைத்துப் பாருங்கள். நியூ டயமண்ட் போக இருந்த பரதீப்புக்குச் சற்று வடக்கேதான் அந்தக் கஹிர்மாதாவும் இருக்கிறது. அவர்களுடைய எண்ணெய் எங்கள் வாசலில் எரிகிறது, அவர்களுடைய ஆமை எங்கள் வலையில் படுகிறது.

அயல்வீட்டுக்காரர் தன் பங்கைச் செய்கிறாரா என்றால், ஆமை விஷயத்தில் நிறையவே செய்கிறார். கஹிர்மாதா 1997இல் கடல்சார் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, நவம்பர் தொடக்கம் மே முடியும் வரை கரையை ஒட்டி மீன்பிடி தடை. சென்னையில் மாணவர்கள் 1988இலிருந்து வருடா வருடம் இரவில் கடற்கரையில் நடந்து முட்டைக் குழிகளைத் தேடிக் காக்கிறார்கள். இவ்வளவுக்கும் பிறகு, 2025 ஜனவரியில் அதே சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. வலையில் சிக்கி மூச்சு முட்டிச் செத்தவை. நான் நின்று யோசித்த இடம் இதுதான். குழியை எவ்வளவு காத்தாலும், தாய் ஆமை வலையில் செத்தால் அந்த உழைப்பெல்லாம் எங்கே போகிறது? ஒரு குழியில் ஏறக்குறைய நூறு முட்டை. அதில் பொரிக்கும் குஞ்சில் வளர்ந்து பெரிதாவது மிகச் சில. வளர்ந்து, கரையேறும் வயதுக்கு வந்த ஒரு பெண் ஆமையை இழப்பது பல வருடக் குழிகளை இழப்பதற்குச் சமம்.

பொரிப்பகத்தில் வேறு சிக்கல்களும் இருக்கின்றன. ஆமையும் முட்டையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் ஒரு முட்டையைக்கூட நாம் தொட முடியாது. மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது, கூடினால் பெண், குறைந்தால் ஆண். இடம் மாற்றிப் புதைக்கும்போது அந்தக் கணக்கு குழம்பிப் போகலாம். வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகக் குஞ்சைத் தொட்டியில் வைத்திருந்தால், முதல் நாளில் ஆழ்கடலுக்கு நீந்திப் போக வைத்திருக்கும் பலத்தை அது தொட்டிச் சுவரில் முட்டி முட்டியே செலவழித்துவிடும். தங்காலைக்குப் பக்கத்தில் ரெக்காவையில் வேறு வழி கண்டார்கள். முட்டையை எடுக்காமல், குழி இருந்த இடத்திலேயே காவல் காத்தார்கள். முன்பு முட்டை தோண்டி விற்றவர்களையே காவலுக்கு வைத்துச் சம்பளம் கொடுத்தார்கள். எனக்கு அது பிடித்த வழி. ஆனால் அதற்கு இரவு இரவாக, மாதக்கணக்கில் ஆள் வேண்டும். பாணமைப் பக்கம் என்றால் கரையில் யானையும் வரும். எங்கள் சங்கத்தின் கைக்காசு அதற்குத் தாங்காது.

பறவைக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இதில் தயங்க அதிகம் இல்லை. சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வரும் பறவைகளுக்கு எங்கள் தீவுதான் கடைசி நிலம். இதற்குத் தெற்கே கடல்தான். மத்திய ஆசிய வான்பாதை என்று சொல்லும் அந்த வழி 30 நாடுகளைத் தொட்டு வருகிறது, 182 வகை நீர்ப்பறவைகள் அதைப் பயன்படுத்துகின்றன. மட்டக்களப்பு வாவியின் ஓரத்தில் வாடைக்கால விடியலில் நின்றால் ஊசிவால் வாத்தும் உள்ளானும் மீசை ஆலாவும் இறங்குவதைக் காணலாம். குமண 2010இலிருந்து ராம்சார் ஈரநிலம், அதாவது உலக அளவில் முக்கியமானது என்று பட்டியலிட்ட ஈரநிலம். 1987இலிருந்து ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு ஜனவரியிலும் பல நாடுகளில் ஒரே காலத்தில் நடக்கிறது. பாகிஸ்தானில் ஒருவர் எண்ணும் அதே வாரத்தில் இங்கே எங்கள் பிள்ளைகள் எண்ணலாம், எந்த அமைச்சரும் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடத் தேவையில்லை. அதிலும் ஜனவரி எங்களுக்குக் கடல் கொந்தளிக்கும் காலம். வள்ளம் கரையில் கிடக்கும், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். இரண்டு தொலைநோக்கியும் ஒரு கொப்பியும் போதும்.

ஆனால் எண்ணுவது காப்பாற்றுவது ஆகாது. வாவியின் ஓரத்தை நிரப்பி மதில் கட்டுவதும், கண்ணாமரம் (அலையாத்தி மரம்) வெட்டுவதும், குப்பை கொட்டுவதும் எண்ணிக்கையால் நிற்காது. இந்தியாவின் நாகாலாந்தில் 2012இல், வலசை வந்த அமூர் வல்லூறுகளை ஆயிரக்கணக்கில் வலை கட்டிப் பிடித்தார்கள். அது வெளியே தெரிந்த அடுத்த வருடமே ஊர்ச் சபைகள் தடை போட்டு நிறுத்தின. அங்கே காப்பாற்றியது ஊர் எடுத்த முடிவு. கணக்கு அந்த முடிவுக்குக் கண் திறந்துவிட்டது, அவ்வளவுதான். கண் திறக்கிற வேலையும் வேண்டும் என்பதால் இதை நான் தள்ளவில்லை.

இனிக் காக்கா சொன்ன வலை.

இரண்டு வருடத்துக்கு முன் மாசி மாதம், என் மாமா பைபர் வள்ளத்தில் சூரைக்குப் போனபோது தூரத்தில் பறவைகள் ஓரிடத்தில் சுற்றுவதைக் கண்டு போயிருக்கிறார். மீன் கூட்டம் இல்லை. ஒரு பாய் அகலத்துக்கு வலைச் சுருள் மிதந்திருக்கிறது. பச்சை நூல், எங்கள் வலையைவிடத் தடித்த முடிச்சு, பாதி எழுத்து அழிந்த மிதவைகள். அதற்குள் ஓர் ஒலிவ் ரிட்லி, முன் துடுப்பில் நூல் எலும்பு வரை இறங்கியிருந்தது. மாமா அதை வள்ளத்தில் ஏற்றி, கத்தியை நூலுக்கும் தோலுக்கும் நடுவில் நுழைத்து ஒவ்வொரு இழையாக அறுத்தார். "செத்துத்தான் கிடக்கு எண்டு நினைச்சன் புள்ள. ஒள்ளம் நேரத்தால கண்ண முழிச்சிப் பாத்திச்சி" என்றார். கரைக்குக் கொண்டுவந்த அந்த வலை இன்னும் எங்கள் கரைவலை வாடியின் (கரையில் உள்ள மீனவர் கொட்டிலின்) பின்னால் கிடக்கிறது. போன கிழமை போய்ப் பார்த்தேன். இரண்டு வருட வெயிலும் மழையும் பட்டும் நூல் கையால் இழுத்தால் அறவில்லை. கடலுக்குள் அது இன்னும் எத்தனை வருடம் யாருக்கும் உதவாமல் மீன் பிடித்திருக்கும்!

அது எங்கிருந்து வந்திருக்கலாம் என்பதைக் கடலோட்டம் கொஞ்சம் சொல்கிறது. வாடைக் காலத்தில் நீரோட்டம் இந்தியாவின் கிழக்குக் கரையை ஒட்டித் தெற்கே இறங்கி எங்கள் பக்கம் வருகிறது. அங்கிருந்து தீவின் தெற்கைச் சுற்றி மேற்கே, மாலைதீவை நோக்கிப் போகிறது. தென்மேற்குக் காற்று வீசும் கச்சான் காலத்தில் தெற்கே ஓட்டம் திரும்பிக் கிழக்கே வருகிறது. அப்படியென்றால் ஆந்திராவிலோ தமிழ்நாட்டிலோ அறுந்தது எங்களிடம் வரும், எங்களிடம் அறுந்தது மாலைதீவுக்குப் போகும். மாலைதீவில் சூரையைத் தூண்டிலால்தான் பிடிக்கிறார்கள், வலை போடுவதில்லை. இருந்தும் அங்கே வலைச் சுருளில் சிக்கிய ஆமைகள் தொடர்ந்து கிடைக்கின்றன, அதிகமானவை ஒலிவ் ரிட்லி. 2013இல் அங்கே தொடங்கிய ஒலிவ் ரிட்லி புரொஜெக்ட் என்ற அமைப்பு அந்த வலைகளையும் ஆமைகளையும் பதிவு செய்து, சிகிச்சையும் கொடுத்து வருகிறது. வலை போடாத ஊர் எங்கள் வலையின் காயத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறது. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

இந்த வேலையில் உள்ள கஷ்டம் என்ன? மற்ற இரண்டும் எங்கள் தொழிலைத் தொடாது, இது தொடும். அறுந்த வலையைத் திரும்பக் கொண்டுவந்தால் வள்ளத்தில் இடம் போகும், எண்ணெய் போகும். ஆழ்கடலுக்குப் பல நாள் படகில் போகிற எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் வாழைச்சேனை, திருகோணமலைத் துறைகளிலிருந்து வேறு முதலாளிமாரின் படகில் போகிறவர்கள். ஒலுவில் துறைமுகம் 2013இல் திறந்தும், மணல் மூடியும் கரையரித்தும் எங்களுக்கு உதவாமல் போய்விட்டது. ஆகவே அந்தப் படகுகளில் எங்கள் சங்கத்தின் சொல் முழுதாகச் செல்லாது. மிதவைவலையின் நீளத்துக்கு ஆழ்கடலில் 2.5 கிலோமீற்றர் என்ற சர்வதேச வரம்பு இருக்கிறது, அதைப் பார்ப்பதும் நாங்கள் அல்ல.

ஆனாலும் விதி மீறுவதால் வரும் நட்டம் எங்கள் தலையில்தான் விடிகிறது. 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனை நிறுத்தியது, ஆழ்கடலில் விதி மீறிப் பிடிக்கிறார்கள் என்பதுதான் காரணம். 2016 நடுப்பகுதி வரை அந்தத் தடை நீடித்தது. ஆகவே வலைக் கணக்கைச் சரியாக வைப்பது மீனவருக்குச் சுமை என்று மட்டும் சொல்ல முடியாது, மீனின் விலையும் அதில் இருக்கிறது.

என் முடிவு இது. முதல் வருடம் வலையை எடுப்போம். பறவைக் கணக்கு ஜனவரியில் செலவில்லாமல் பக்கத்திலேயே நடக்கட்டும், அதை ஆசிரியரும் மாணவரும் பார்ப்பார்கள். ஆமைப் பொரிப்பகத்தை இப்போது தொடங்க வேண்டாம். வனசீவராசிகள் திணைக்களம் அனுமதியும் ஓர் உத்தியோகத்தரின் வழிகாட்டலும் தந்தால், அடுத்த வருடம் ரெக்காவை முறையில் குழிக்காவலைப் பார்க்கலாம். இளைஞர்களுக்கு இது கசக்கும் என்று தெரியும். அவர்களிடம் நான் சொல்ல விரும்புவது, ஆமையை விட்டுவிடவில்லை, ஆமை சாகிற இடத்துக்குப் போகிறோம் என்பதுதான்.

ஒதுக்கிய காசு எப்படிப் போகும் என்றும் எழுதியிருக்கிறேன். சங்கத்தில் உள்ள ஒவ்வொரு வள்ளத்தின் பதிவு இலக்கத்தையும் வலையின் மிதவையில் அழியாத பெயின்டால் எழுதுவது முதல் செலவு. வலைக்கு அடையாளம் இடுவதற்கு உலக உணவு விவசாய நிறுவனம் 2018இலேயே வழிகாட்டிக் கொடுத்திருக்கிறது, நாங்கள் புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அடுத்தது, கடலில் கண்ட வலையைக் கரைக்குக் கொண்டுவருகிறவருக்கு எண்ணெய்க் காசில் ஒரு பங்கு. நிறுத்துப் பார்த்து, மிதவையையும் முடிச்சையும் படமெடுத்து, நாளும் இடமும் குறித்து வைப்போம். அந்தப் படங்கள் மாலைதீவுக்கும் தமிழ்நாட்டுக்கும் போக வேண்டும். எந்த நூல் எந்தக் கரையில் விற்கிறது என்று அங்குள்ள மீனவர் பார்த்த உடனே சொல்லிவிடுவார். வட்ஸ்அப்பில் முடிகிற வேலை. எங்கள் கரையும் தமிழ்நாட்டுக் கரையும் தமிழ் பேசுகின்றன, இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? நல்ல நிலையில் உள்ள வலைத்துண்டை வீடுகளுக்குக் கொடுப்போம், பாகல் பந்தலுக்கும் கோழிக்கூட்டு வேலிக்கும் எப்போதும் கேட்டு வருவார்கள்.

காசே தேவையில்லாத ஒன்றும் உண்டு. வலையில் பட்ட ஆமை அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று கடலில் எறியக் கூடாது. குப்புற வைத்து, பின்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தி, ஈரச் சாக்கால் மூக்கு மூடாமல் போர்த்தி, நிழலில் விட வேண்டும். நாலு மணி நேரத்திலும் எழும்பலாம், ஒரு நாள் முழுக்கவும் எடுக்கலாம். நுரையீரலில் போன தண்ணீர் வடிய அந்த நேரம் தேவை. என் மாமாவுக்கு இது யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தற்செயலாகத்தான் அந்த ஆமையை அணியத்துப் பலகையில் சாய்த்து வைத்தார். எல்லா வள்ளக்காரருக்கும் தெரிந்திருந்தால் தற்செயலுக்கு விட வேண்டியதில்லை.

என் முடிவு மாறக்கூடிய ஓர் இடம் உண்டு. வள்ளக்காரரில் பாதிப் பேராவது மிதவையில் இலக்கம் எழுத ஒத்துக்கொள்ளாவிட்டால் வலை வேலையைத் தொடங்கிப் பயனில்லை. அப்போது பறவைக் கணக்கையே முதல் வருட வேலையாக எடுத்து, வாவியோரக் கண்ணாமரங்களைக் காக்கும் வேலையை அதோடு சேர்ப்பதுதான் சரி. இலக்கம் எழுதினால் பிறகு தண்டம் அடிக்க வருவார்களோ என்ற பயம் சிலருக்கு இருக்கிறது. அந்தப் பயத்தைச் சாதாரணமாக எடுக்கக் கூடாது. கூட்டத்துக்கு முன்னமே ஒவ்வொரு வாடியாகப் போய்ப் பேச நானும் பொத்துவில் காக்காவும் நாள் வைத்திருக்கிறோம்.

மாமாவிடம் முதலில் போனோம். அவர் ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய், வாடிக்குப் பின்னால் கிடந்த அந்தப் பச்சை வலையிலிருந்து ஒரு மிதவையை அறுத்துக்கொண்டு வந்து என் கையில் தந்தார். "இதக் கொண்டுபோய்க் கூட்டத்தில காட்டு புள்ள. கிடக்கிற வலைகளப் போடுறதுக்கு இந்த மூலைய நான் தாறன்" என்றார்.